பிள்ளையோடு தூண்டில் போடப் போகிறவர்கள் சென்னையில் இருக்கிறீர்களா?

வேளச்சேரி அப்பா | ஞாயிறு, இரவு 10.40

என் பையனுக்கு ஒன்பது வயது. வேலை முடிந்து நான் வீடு வந்து சேர எட்டரை ஆகிவிடும். அந்த நேரம் அவன் போனோடு சோபாவில் சுருண்டிருப்பான். சாப்பிட்டியா என்றால் ம், ஹோம்வொர்க் முடிந்ததா என்றால் ம். ஒரு நாளில் நாங்கள் பேசிக்கொள்வது அவ்வளவுதான். அவனைக் குறை சொல்லவில்லை, நானும் வந்த பத்தாவது நிமிடம் என் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

போன ஐப்பசியில் என் அப்பா தவறிவிட்டார். செங்கல்பட்டு வீட்டைக் காலி செய்யும்போது பரணில் இருந்த தகரப் பெட்டியில் அவருடைய தூண்டில் சாமான்கள் கிடைத்தன. துருப்பிடித்த முள் நாலைந்து, ஈயக்குண்டு, மரக்கட்டையில் சுற்றிய தூண்டில் நரம்பு, அப்புறம் மயில் இறகின் தண்டை நறுக்கி அவரே செய்த தக்கை. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஞாயிறு விடிந்தும் விடியாமலும் கொளவாய் ஏரிக்கரைக்கு சைக்கிளில் கூட்டிப் போவார். அதிகம் பேசுகிறவர் இல்லை. வீட்டில் அவரைக் கண்டால் எனக்குப் பயம்தான். ஆனால் அந்தக் கரையில் உட்கார்ந்திருந்த அப்பா வேறு ஆள். பக்கத்தில் ரயில் போகும்போதெல்லாம் எந்த வண்டி, எத்தனை நிமிடம் தாமதம் என்று சொல்வார். அதுதான் அவர் எனக்குச் சொன்ன கதை.

பையன் அந்தத் தக்கையை எடுத்து இது என்னப்பா என்று கேட்டான். தண்ணீரில் நின்றால்தானே அது என்ன என்று காட்ட முடியும்? வெறும் கையில் வைத்துக்கொண்டு சொல்ல எனக்கு வரவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆனால் தூண்டிலைத் தொட்டு இருபத்தைந்து வருடம் ஆகிறது. சென்னையில் எங்கே போவது, சின்னப் பிள்ளைக்கு எது பாதுகாப்பு, என்ன வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடையாறு தூண்டில் | ஞாயிறு, இரவு 11.25

சார், முதலில் எங்கே போகக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். யாரிடம் கேட்டாலும் முதலில் உடைந்த பாலத்தைத்தான் சொல்வார்கள். அடையாறு முகத்துவாரத்தில் 1967ல் கட்டி 1977ல் இடிந்து விழுந்த பாலம் அது. பார்க்க அழகு, மாலையில் மடவை மீன் துள்ளுவதும் தெரியும். ஆனால் பாலம் பாதியில் அறுந்து நிற்கிறது, கைப்பிடிச் சுவரை நம்ப முடியாது, கீழே சேறு. பிள்ளையோடு வேண்டவே வேண்டாம். அடையாற்றிலும் கூவத்திலும் பிடித்த மீனைச் சமைக்கவும் வேண்டாம், எவ்வளவு கழிவு கலக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பட்டினப்பாக்கம், மெரினா பக்கம் அலையில் இறங்கி நின்று தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்து நீங்களும் இறங்காதீர்கள். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் அங்கே உண்டு, முட்டியளவுத் தண்ணீரிலேயே பெரிய ஆளைப் புரட்டிவிடும். முட்டுக்காடு பாலத்தின் மேல் நின்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள், முதுகுக்குப் பின்னால் ஈசிஆர் வண்டிகள் பறக்கும், அதுவும் வேண்டாம்.

செம்பரம்பாக்கமும் புழலும் குடிநீர் ஏரிகள், அங்கே தூண்டிலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பறவைகளின் இடம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022ல் சேர்த்த இடம், அங்கே தூண்டிலே கூடாது. பைனாகுலர் இருந்தால் வெளியிலிருந்து பூநாரை பார்க்கக் கூட்டிப் போங்கள், அது ஒரு தனி நாள்.

சரி, எங்கே போகலாம்? ஊருக்குள்ளேயே என்றால் சேத்துப்பட்டு ஏரி. மீன்வளத்துறை 2016ல் அதைப் பசுமைப் பூங்காவாகத் திறந்தபோதே தூண்டில் போடவும் இடம் ஒதுக்கியது. அன்றைக்கு அனுமதி உண்டா என்று வாயிலில் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். ஊருக்கு வெளியே என்றால் கேளம்பாக்கம், திருப்போரூர், மாம்பாக்கம் பக்கம் சின்னச் சின்ன ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் மீன் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். கரையில் டீக்கடை இருந்தால் அங்கே கேட்டாலே குத்தகைக்காரர் யார் என்று சொல்லிவிடுவார்கள். பையனைக் கூட்டி வந்திருக்கிறேன், ஒரு தூண்டில் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேளுங்கள். நான் கேட்ட இடத்தில் ஒருவர்கூட முடியாது என்று சொன்னதில்லை. ஒருவர் தன் பேரனையும் எங்களோடு உட்கார வைத்துவிட்டுப் போனார்.

ராடு, ரீல் எல்லாம் இப்போது வாங்காதீர்கள். ஆறடி மூங்கில் கழி, நரம்பு, சின்ன முள், ஒரு சின்ன ஈயம், உங்கள் அப்பாவின் தக்கை. போதும். வாங்கிய உடனே முள்ளின் நுனிக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளை பிளேயரால் நசுக்கிவிடுங்கள். விரலில் ஏறினாலும் சுலபமாகக் கழன்றுவிடும், மீனுக்கும் காயம் குறைவு. கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து அதில் கொஞ்சம் பஞ்சைக் கிள்ளிக் கலந்துகொண்டால் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. பையனுக்குப் பிடித்தால் பூந்தொட்டியைக் கிளறி மண்புழு எடுக்கச் சொல்லுங்கள், என் பெண்ணுக்கு மீனைவிட அதுதான் பெரிய சந்தோஷம்.

கெளுத்தி மாட்டினால் மட்டும் பையன் கை வைக்கக் கூடாது. முதுகில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று மூன்று முள், குத்தினால் கடுக்கும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள், கடுப்பு குறையும். அப்புறமும் வீங்கினால் டாக்டரிடம் போங்கள். முகத்துவாரம் பக்கம் எப்போதாவது போய்ப் பேத்தை மாட்டினால், அது பந்து போல உப்பும், பையன் கட்டாயம் சிரிப்பான். வேடிக்கை பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். விஷ மீன், சாப்பிடக் கூடாது.

மாலதி_போரூர் | திங்கள், காலை 6.10

தண்ணீர் ஓரத்தில் ஒன்பது வயதுப் பிள்ளை என்றால் லைஃப் ஜாக்கெட் கட்டாயம் போடுங்கள் அண்ணா. ஏரியில் வண்டல் எடுத்த குழிகள் இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. ஐப்பசி கார்த்திகையில் மழைக்குப் பிறகு ஏரி நிரம்பி நிற்கும்போது போகாதீர்கள், கரை ஊறி வழுக்கும். தை பிறந்த பிறகு போங்கள்.

காசிமேடு பையன் | திங்கள், பகல் 1.50

சார், நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் வீட்டில் மீன் பிடிப்பது பொழுதுபோக்கு இல்லை, சோறு. அப்பா விசைப்படகில் போகிறவர். ஒருமுறை கிளம்பினால் பத்து நாள், பன்னிரண்டு நாள் கழித்துதான் வருவார். வந்தாலும் இரண்டு நாள் தூக்கம், ஐஸ் ஏற்றும் வேலை, மறுபடி கிளம்பிவிடுவார். சின்ன வயதில் அப்பா என்றால் எனக்கு டீசல் வாசனையும், வாசலில் காயும் லுங்கியும்தான்.

வருடத்தில் ஒரு காலம் மட்டும் அப்பா வீட்டில் இருப்பார். ஏப்ரல் 15ல் தடைக்காலம் தொடங்கும், ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குள் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக வைத்த தடை அது. முன்பு 45 நாள் இருந்தது, 2017லிருந்து 61 நாள். அந்த நாட்களில் வருமானம் கிடையாது, அரசு கொடுக்கும் நிவாரணமும் பற்றாது, அம்மா கடன் வாங்குவாள். அது கஷ்டமான காலம்தான். ஆனால் எங்களுக்கும் அப்போதுதான் பள்ளி விடுமுறை. அப்பா வலையை எடுத்து நிழலில் விரித்து, கிழிந்த இடத்தைக் காட்டி, ஊசியில் நூலைச் சுற்றித் தரச் சொல்வார். நான் சுற்றித் தருவேன், அவர் பின்னுவார். எட்டு வயதில் ஊசியை என் கையில் கொடுத்தார். நான் போட்ட கண்ணி ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக இருக்கும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நான் தூங்கப் போன பிறகு அவரே அவிழ்த்துத் திரும்பப் போட்டுவிடுவார். இது எனக்குப் பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும்.

நான் இப்போது கடலுக்குப் போவதில்லை, டிப்ளமா முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் இருக்கிறேன். போகாதே என்று சொன்னதே அப்பாதான். ஆனால் ஊசி இன்னும் என்னிடம் இருக்கிறது. மீன் கிடைக்கிறதா என்று பார்க்காதீர்கள் சார், பையன் கையில் ஏதாவது ஒரு வேலையைக் கொடுங்கள். நீங்கள் செய்து அவன் வேடிக்கை பார்த்தால் அரை மணி நேரத்தில் போனைக் கேட்பான்.

மடிப்பாக்கம் மாமா | திங்கள், இரவு 9.15

தம்பி காசிமேடு, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் அப்பா இரவில் அவிழ்த்துப் போட்டார் பாருங்கள், நான் செய்யத் தவறியது அதுதான்.

என் மகனுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது ஆறாயிரம் ரூபாய்க்கு ராடு, ரீல் எல்லாம் வாங்கிக்கொண்டு கோவளம் பக்கம் கூட்டிப் போனேன். போனதிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். கழியை இப்படிப் பிடி, மணிக்கட்டை வளைக்காதே, சத்தம் போடாதே, ஏன் அதற்குள் இழுத்தாய், சிக்கு எடுக்கப் பொறுமை வேண்டாமா. நடுவில் கடல் நீர் ஏன் ஏறி இறங்குகிறது என்று அமாவாசை, பௌர்ணமி எல்லாம் விளக்கி, திரும்பச் சொல்லு பார்க்கலாம் என்று கேள்வி வேறு கேட்டேன். நான்கு வாரம் வந்தான். ஐந்தாவது வாரம் டியூஷன் இருக்கிறது என்றான். அன்றைக்கு டியூஷன் இல்லை, அது எனக்கும் தெரியும்.

அவனுக்கு இப்போது இருபத்து நான்கு, பெங்களூரில் இருக்கிறான். நல்ல பையன், வாரம் ஒருமுறை பேசுவான். போன பொங்கலுக்கு வந்தபோது நானே கேட்டேன், ஏன்டா அப்போது வருவதை நிறுத்தினாய் என்று. அங்கேயும் பரீட்சை மாதிரி இருந்ததுப்பா என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு இரண்டு பேரும் நீலாங்கரைக் கடற்கரைக்குப் போய், வாடைக்காற்றில் துண்டைப் போர்த்திக்கொண்டு, பெரிய வலையைக் கரைக்கு இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் வாயைத் திறக்கவில்லை. அரை மணி கழித்து அவனே அலுவலகத்தில் இருக்கும் ஒரு பிரச்சினையைச் சொல்ல ஆரம்பித்தான். எட்டு மணி வரை சொன்னான்.

திருவான்மியூர் அம்மா | செவ்வாய், காலை 11.30

எல்லோரும் ஆசையாகப் பேசுகிறீர்கள், ஆனால் எனக்கு இதில் ஒப்புதல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் பெரியவளை அவள் மாமா முட்டுக்காடு பக்கம் கூட்டிப் போனார். முள் மீனின் தொண்டை வரை போய்விட்டது, மீன் துடித்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அன்றைக்கு முழுக்க அழுதாள். பிள்ளையோடு நெருங்குவதற்கு ஒரு உயிர் வாயில் முள் ஏற வேண்டுமா? சாப்பிடப் பிடிக்கிறவர்களை நான் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் மீன் குழம்பு உண்டு. வேடிக்கைக்குப் பிடித்துவிட்டு விடுவதைத்தான் சொல்கிறேன்.

நாங்கள் அதற்குப் பிறகு ஆமை நடைக்குப் போனோம். 1988லிருந்து மாணவர்களே ஒரு குழுவாகச் சேர்ந்து நடத்துகிறார்கள். தை, மாசி, பங்குனி மாதங்களில் வார இறுதி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரையோரமாகவே நடக்க வேண்டும். பங்குனி ஆமை என்று சொல்லும் ஆலிவ் ரிட்லி ஆமை கரையேறி மணலில் குழி தோண்டி நூறு, நூற்றிருபது முட்டை இட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடும். அந்த முட்டைகளை எடுத்து வந்து வேலி போட்ட இடத்தில் புதைத்து வைப்பார்கள், ஒன்றரை மாதம், இரண்டு மாதத்தில் குஞ்சு வரும். நாங்கள் போன முதல் இரவு ஆமையே வரவில்லை, செத்து ஒதுங்கிய ஒன்றைத்தான் பார்த்தோம். 2025 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியது நினைவிருக்கும். இருட்டில் பெரியவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வயதுப் பெண், பகலில் தொட விட மாட்டாள். மூன்று மணி நேரம் பிடித்த கையை விடவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் குஞ்சுகளைக் கடலில் விடும்போது போனோம். அம்மா ஆமைக்கு இதுங்க எதுவுமே தெரியாதாம்மா என்று என் சின்ன மகள் கேட்டாள். தெரியாது என்றேன். அப்போ நாம பார்த்துக்கலாம் என்று, கடைசிக் குஞ்சு தண்ணீரில் இறங்கும் வரை அங்கிருந்து நகரவில்லை.

அடையாறு தூண்டில் | செவ்வாய், மாலை 7.05

அக்கா, நீங்கள் சொல்வதை ஒதுக்க மாட்டேன். எங்கள் வீட்டில் ஒரு முடிவு வைத்திருக்கிறோம்: சாப்பிடப் போகிற மீன் என்றால் உடனே கொன்றுவிட வேண்டும், கரையில் துடிக்க விடக் கூடாது. கழிவு கலக்காத ஏரியாகப் பார்த்துப் போடுகிறோம், இரண்டு பேருக்குக் குழம்புக்கு ஆனதும் தூண்டிலைச் சுற்றிவிடுவோம். சின்னக் குஞ்சு மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து விட்டுவிடுவோம். இதை வைத்தது நான் இல்லை, என் பெண்.

அவளுக்கு அந்த எண்ணம் வந்ததே ஒரு ஜிலேபிக் கெண்டையால்தான். 1952ல் வெளியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன், இப்போது எந்தக் குட்டையில் போட்டாலும் அதுதான் முதலில் மாட்டும். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கும், பொரித்த குஞ்சும் ஆபத்து என்றால் வாய்க்குள் ஓடும். ஒருமுறை நாங்கள் இழுத்த மீன் கரையில் வாயைத் திறந்ததும் உள்ளேயிருந்து குஞ்சுகள் கொட்டின. என் பெண் கத்திக்கொண்டே இரண்டு கையாலும் அள்ளித் தண்ணீரில் போட்டாள், நானும் அள்ளினேன். அதேபோல ஏரியில் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மேலே மொய்த்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும் விரால் என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொண்டே அந்த இடத்தில் தூண்டில் விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். இரண்டும் போய்விட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரே நாளில் தின்றுவிடும்.

சின்னவள் | புதன், இரவு 12.20

இதுவரை எழுதியவர்களில் பலர் அப்பாவும் மகனும் என்றே எழுதியிருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அண்ணன்கள் இரண்டு பேரையும் அப்பா பழவேற்காட்டுக்கு, எங்கள் அத்தை வீட்டுக்கு, லீவு விட்டால் கூட்டிப் போவார். ஏரியில் படகில் போய் நண்டும் இறாலும் வாங்கி வருவார்கள். வெயில், பொம்பளைப் பிள்ளை கறுத்துப் போவாள் என்று என்னை விட்டுவிட்டுப் போவார்கள். நான் வாசலில் உட்கார்ந்து அவர்கள் வரும் வரை காத்திருப்பேன். அவர்கள் கால் செருப்பில் ஒட்டிய சேறு என்ன நிறம் என்று எனக்கு இன்னும் தெரியும்.

அந்தப் பழவேற்காடு, எண்ணூர் கழிமுகத்தில்தான் இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வெறும் கையால் இறால் தடவிப் பிடிக்கிறார்கள், பனையோலைப் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு. பெண் பிள்ளைக்குத் தண்ணீர் ஆகாது என்று யார் சொன்னது? பெண் இருக்கிறவர்கள் அவளையும் கூட்டிப் போங்கள். நான் போன மாதம் என் அப்பாவிடம் கேட்டேன், எழுபத்தொரு வயது, முட்டி வலி. காரில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். சரி என்றிருக்கிறார்.

வேளச்சேரி அப்பா | ஞாயிறு, இரவு 9.50 (இரண்டு வாரம் கழித்து)

போய்விட்டு வந்துவிட்டோம். எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து காத்திருக்கிறேன்.

கேளம்பாக்கத்துக்கு உள்ளே ஒரு சின்ன ஏரி. அடையாறு நண்பர் சொன்ன மாதிரியே டீக்கடையில் கேட்டு, குத்தகைக்காரரைப் பார்த்து, அவர் மதகுக்குப் பக்கம் போகாதீர்கள், இந்தப் புளியமரத்துக்கு நேரே உட்காருங்கள், இங்கே ஆழம் இல்லை என்று இடமும் காட்டினார். மாலதி, லைஃப் ஜாக்கெட் வாங்கினேன், பையன் அதைப் போட்டுக்கொண்டே காரில் உட்கார்ந்து வந்தான். எதிர்முள்ளை நசுக்கும் வேலையை அவனிடமே கொடுத்தேன். மாவு பிசைந்ததும் அவன்தான். தண்ணீர் அதிகமாகிவிட்டது, உருண்டை நிற்கவில்லை. சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. மடிப்பாக்கம் மாமாவை நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். மூன்று முறை கரைந்து போன பிறகு அவனே கொஞ்சம் மாவைத் தூவிப் பிசைந்துகொண்டான்.

அப்பாவின் தக்கை முதலில் சாய்ந்து படுத்துவிட்டது, ஈயத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டியதும் நிமிர்ந்து நின்றது. அப்படியே நின்றது, இருபத்தைந்து வருடம் முன்பு பார்த்த மாதிரி. எனக்குப் பேச வரவில்லை. அது தண்ணிக்குள்ள போனா மீனாப்பா என்றான். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மீன்கொத்தி ஒன்று எதிர்க் கரையில் மூன்று முறை விழுந்து எழுந்தது, அதற்கு மட்டும் கிடைக்கிறது என்று கோபித்துக்கொண்டான். என் போனைக் காரிலேயே வைத்துவிட்டேன், அவன் கேட்கவும் இல்லை.

ஏழேகால் வாக்கில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், தாத்தா உன்னை அடிப்பாராப்பா என்று கேட்டான். எப்போதாவது என்றேன். இங்கேயுமா என்றான். இங்கே ஒருமுறைகூட இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, வகுப்பில் ஒரு பையன் இரண்டு மாதமாகத் தன் டிபனைப் பிடுங்கிக்கொள்கிறான் என்று சொன்னான். இரண்டு மாதம். தினமும் ராத்திரி நான் அவனிடம் சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். உடனே பள்ளிக்குப் போன் செய்ய வேண்டும் என்று கை பரபரத்தது. அப்புறம், நீ என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய் என்று அவனிடமே கேட்டேன். அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் தக்கை முங்கியது, இரண்டு பேரும் பார்க்கவில்லை. பார்த்தபோது கழியே நகர்ந்துகொண்டிருந்தது.

ஒரு ஜிலேபி. கையளவு. வாயைத் திறந்து உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம், இல்லை. வீட்டுக்குக் கொண்டு போகலாமா, விடலாமா என்று அவன்தான் முடிவு செய்தான். விட்டுவிட்டான். திருவான்மியூர் அக்கா, ஆமை நடைக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்கிறான், விவரம் சொல்லுங்கள். கிளம்பும்போது அறுந்து கிடந்த பழைய நரம்பெல்லாம் கரையில் பொறுக்கினோம், கொக்கு காலில் சிக்கும் என்று சொன்னேன், ஒரு பை நிறையச் சேர்ந்துவிட்டது.

காசிமேடு தம்பி, ஒரு உதவி. அந்தத் தக்கையின் அடிப்பக்கம் லேசாக விரிசல் விட்டிருக்கிறது, தண்ணீர் ஏறுகிறது. அதை இனி பத்திரமாக வைத்துவிட்டு அதேபோல இன்னொன்று செய்யலாம் என்று பையன் சொல்கிறான். மயில் இறகுத் தண்டில் ஓட்டையை எதை வைத்து அடைப்பார்கள்? மெழுகா, கீலா? உங்கள் அப்பாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

காசிமேடு பையன் | ஞாயிறு, இரவு 10.30

கேட்கிறேன் சார். அப்பா இப்போது கடலில் இருக்கிறார், வியாழக்கிழமை வந்துவிடுவார்.